வெற்றிக் கணக்கா, கோப்பையா? இரு அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர்கள்

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் ஒரு பயிற்சியாளரை எதை வைத்து அளப்பது? மார்ட்டி ஷாட்டன்ஹைமரையும் பில் வால்ஷையும் அருகருகே வைத்தால் கேள்வியின் கனம் புரியும்.

வழக்கமான பருவம்
ஷாட்டன்ஹைமர்: 200 வெற்றி, 126 தோல்வி, 1 சமன்.
வால்ஷ்: 92 வெற்றி, 59 தோல்வி, 1 சமன்.
வெற்றி விகிதம் இருவருக்கும் ஏறத்தாழ 61 சதவீதம்தான்!

பிளேஆஃப் (பருவ முடிவில் நடக்கும் வெளியேற்றுச் சுற்று)
ஷாட்டன்ஹைமர்: 5–13 (5 வெற்றி, 13 தோல்வி). லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் பக்கமே போனதில்லை.
வால்ஷ்: 10–4. மூன்று சூப்பர் பவுல் கோப்பைகள்.

தொடக்கமும் முடிவும்
வால்ஷ் 1979இல் சான் பிரான்சிஸ்கோ அணியை ஏற்றபோது அது முந்தைய பருவத்தில் 2–14. அவரது முதல் ஆண்டும் அதே 2–14. அந்த ஒற்றை ஆண்டை வைத்து அவரை அனுப்பியிருந்தால், 1981 பருவத்தின் கோப்பை வந்திருக்காது. குறுகிய பாஸ்களால் பந்தை நகர்த்தும் அவரது ஆட்டமுறையும் லீக் முழுக்கப் பரவியிருக்குமா என்பது சந்தேகமே.
ஷாட்டன்ஹைமரோ 2006இல் சான் டியேகோவுக்கு 14–2 பெற்றுத் தந்தும், பிளேஆஃபில் முதல் ஆட்டத்திலேயே தோற்றதும் வேலையை இழந்தார். எனக்கு இது இன்றும் அநியாயமாகவே படுகிறது.

சீடர்கள்
இருவரிடமும் துணைப் பயிற்சியாளர்களாக இருந்தவர்கள் பின்னர் சூப்பர் பவுல் வென்றனர்: ஷாட்டன்ஹைமரிடம் பில் கவரும் டோனி டஞ்சியும், வால்ஷிடம் ஜார்ஜ் சீஃபர்ட்டும் மைக் ஹோம்கிரனும்.

ஆண்டுதோறும் தளராத அணி வேண்டுமென்றால் ஷாட்டன்ஹைமர். ஜனவரியில் நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்களை வெல்லவும், ஆட்டத்தையே மாற்றவும் வால்ஷ். வரலாற்றில் ஒருவரைத்தான் உயர்த்த முடியும் என்றால், என் வாக்கு வால்ஷுக்கே.