பருத்திக்குப் பக்கத்து வயலில் எந்த 2,4-டி?

பருத்தியில் சப்பையும் (பூ மொட்டு) பிஞ்சும் உதிராமலிருக்க 60ஆம் நாளிலும் 90ஆம் நாளிலும் தெளிக்கும் என்.ஏ.ஏ.வும் (நாப்தலீன் அசிட்டிக் அமிலம்), நெல் வயலில் களைக்கு அடிக்கும் 2,4-டியும் ஆக்சின் என்னும் ஒரே வளர்ச்சி ஹார்மோனைப் பார்த்துச் செய்யப்பட்டவையே. முன்னது லிட்டருக்கு 40 மில்லிகிராம் அளவில் காம்பு கழன்று விழுவதைத் தடுக்கிறது. பின்னதையோ, தன் சொந்த ஆக்சினைச் சிதைப்பதுபோல் செடியால் விரைவில் சிதைக்க முடியாது; அது குருத்தில் தங்கி எத்திலீன் என்னும் வாயு ஹார்மோனைப் பெருக்க, தண்டு முறுக்கிக்கொண்டு கட்டுப்பாடின்றி வளர்ந்தே களை மடிகிறது. மருந்தை அதிகம் கடத்தாத நெல் தப்பிக்கிறது. குதிரைவாலிப் புல்லும் கூடவே தப்பிவிடும் என்பதால், ஆரையும் கோரையும் மிகுந்த வயலுக்கே இது பொருந்தும்.

டெல்டாவில் நெல்லும் பருத்தியும் ஒரு வரப்பைப் பகிர்ந்துகொள்ளும் இடங்களில், எஸ்டர், சோடியம் உப்பு, அமைன் உப்பு என்னும் 2,4-டியின் மூன்று வடிவங்களில் எதை வாங்குவது என்பதுதான் உண்மையான கேள்வி. எத்தில் எஸ்டர் எண்ணெய்த்தன்மையால் இலையின் மெழுகுப் பூச்சைச் சட்டென ஊடுருவும். அடித்த சிறிது நேரத்தில் மழை வந்தாலும் பெரும்பாலும் வீணாகாது. களைக்கொல்லியாக மட்டும் பார்த்தால் இதுவே வலுவானது. ஆனால் வெயில் ஏறியதும் ஆவியாகி, தெளிப்பு முடிந்த பிறகும் வரப்பைத் தாண்டும். பருத்தியின் புதிய இலைகள் விரல்களைப்போல் ஒடுங்கிக் கூம்பி வருவதைக் கண்டால், மருந்து அங்கே எட்டிவிட்டது என்று பொருள். சோடியம் உப்பும் அமைன் உப்பும் அவ்வளவு எளிதில் ஆவியாவதில்லை, காற்றில் பறக்கும் துளிகள் வேறு விஷயம். சோடியம் உப்பு தூளாக வருவதால் நன்றாகக் கரைத்து வடிகட்ட வேண்டும், மழை வந்தால் கழுவிக்கொண்டு போகும். அமைன் திரவமாதலால் அந்தக் கலக்கும் வேலை குறைவு. பருத்தி அருகிலிருந்தால் என் தேர்வு அமைன். எஸ்டரை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் எடுக்க மாட்டேன்.

80 சதவீத சோடியம் உப்பானால் ஏக்கருக்கு 500 கிராமை 250 லிட்டர் நீரில் கலந்து, நட்ட மூன்றாம் வாரத்தில் அடிப்பது வழக்கம். தூர் கட்டுவதற்கு முன்னோ கதிர் உருவான பின்னோ அடித்தால் நெல்லே பாதிக்கப்பட்டு, இலை வெங்காயத் தாள்போல் குழலாகச் சுருளும். காற்று பருத்தியை நோக்கி வீசும் நாளில் மூன்றையும் விட்டுவிட்டுக் கோனோவீடரை (வரிசைகளுக்கிடையே உருட்டிக் களையெடுக்கும் கருவி) ஓட்டுவதே மேல். வரிசை நடவாக இருந்தால் மட்டுமே அது முடியும். இந்த மருந்து அடித்த தெளிப்பானைக் கழுவிவிட்டோம் என்று நம்பி, அதிலேயே பருத்திக்கு என்.ஏ.ஏ. கலக்கவும் கூடாது.