ஈசிஎம் அசரவில்லை, வயரிங்தான் கழுத்தறுக்கிறது

தடைக்காலத்தில் விசைப்படகுக்கு எஞ்சின் மாற்றப்போகும் நண்பர் ஒருவர், "எலக்ட்ரானிக் எஞ்சின் போடலாமா? உன் லாரி ஈசிஎம் உப்புத் தண்ணியில எப்படித் தாங்குது?" என்று கேட்டார். ஈசிஎம் என்றால் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் பெட்டி. போன மாதம்தான் அதை வைத்து ஒரு பாடு பட்டு முடித்திருந்தேன். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

2017 ஏப்ரலில் பிஎஸ் 4 புகை விதி நாடு முழுக்கக் கட்டாயமானபோது வாங்கிய லாரி. நாகப்பட்டினத்திலிருந்து பாலக்காடு பக்கம் மீன் லோடு. ஈசிஎம்மை எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டிலேயே ரப்பர் புஷ் வைத்து போல்ட் போட்டிருக்கிறார்கள். எஞ்சின் சூடு, அதிர்வு, பாடியிலிருந்து ஒழுகும் ஐஸ் தண்ணீர் எல்லாம் அதன் தலையில்தான். பாடியின் அடித்தகடு துருப்பிடித்து மாற்றியாயிற்று. ஈசிஎம் இன்னும் கம்பெனியில் போட்டு வந்ததேதான்.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, அலுமினியப் பெட்டியின் ஓரத்தில் இருக்கும் சின்ன வட்டச் சவ்வு. காற்று போய் வரும், தண்ணீர் போகாது. எஞ்சின் சூட்டோடு வாட்டர் சர்வீஸ் விட்டால் பெட்டிக்குள் இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். அதற்கு மூச்சுவிட வழி இல்லையென்றால் கனெக்டர் ரப்பர் இடுக்கில் நிற்கும் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதை யோசித்து வைத்தவர்களுக்குக் கும்பிடு போடலாம்.

இவ்வளவு யோசித்தவர்கள் வயரிங்கில் கோட்டை விட்டதுதான் பொறுக்கவில்லை. கரூர் தாண்டி ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை, செக் லைட் எரிந்தது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மாட்டினால் ரயில் பிரஷர் (டீசல் குழாய் அழுத்தம்), பூஸ்ட் (டர்போ காற்றழுத்தம்), ஆயில் பிரஷர் மூன்று சென்சாருக்கும் சேர்ந்து ஃபால்ட் கோடு. "ஈசிஎம் போயிடுச்சு, மாத்தணும்" என்றார்கள். கேட்ட தொகை என் மாதத் தவணையைவிடப் பல மடங்கு. மீன் பெட்டிகளில் ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறது. பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் ஈசிஎம்மை மாட்டவும் முடியாது. வண்டிக்கான புரோகிராம் ஏற்றாமல் அது வேலைக்கு ஆகாது.

மூன்று சென்சார் ஒரே நிமிஷத்திலா சாகும்? லோடை வேறு வண்டிக்கு மாற்றி அனுப்பிவிட்டு, தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீசியன் தம்பியை வரவழைத்தேன். மூன்றுக்கும் ஈசிஎம்மிலிருந்து வரும் 5 வோல்ட் சப்ளை ஒன்றுதான். அவன் மல்டிமீட்டர் வைத்தபோது அங்கே 1 வோல்ட் சொச்சம்தான் இருந்தது. ஒவ்வொரு சென்சார் கனெக்டராகக் கழற்றிப் பார்த்தான், வோல்ட் ஏறவில்லை.

"அண்ணே, சென்சார்ல குத்தமில்ல. பாக்ஸும் நல்லாத்தான் இருக்கும்னு தோணுது. வயர்தான் எங்கயோ பாடியில தொடுது போல."

பூஸ்ட் சென்சாருக்குப் போகும் வயர், ஒரு பிராக்கெட் முனையில் உரசி உரசித் தோல் தேய்ந்து, உள்ளே செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. வெட்டி, ஈயம் வைத்து, பசை உள்ள ஸ்லீவ் போட்டு, புது கிளிப்பில் பிராக்கெட்டை விட்டுத் தள்ளிக் கட்டினான். சாவியைத் திருப்பினால் 5 வோல்ட் அப்படியே நிற்கிறது. அத்தனை நேரம் ஷார்ட் ஆகியும் ஈசிஎம் தன்னைத்தானே காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. நல்லா இருந்த பெட்டியைத் தூக்கிப் போடச் சொன்னவர்களை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

கனெக்டருக்குள் இருக்கும் பின்களில் ஒன்றும் பச்சை பூத்திருந்தது. பின்னும் ரப்பர் சீலும் தனியாகக் கேட்டால் கிடையாதாம், முழு வயரிங் செட்டாகத்தான் வாங்க வேண்டுமாம். சில ரூபாய் பொருளுக்கு இது அநியாயம்.

இந்த வண்டி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு விஷயம். டெஸ்ட் லேம்ப் ஊசியால் வயரைக் குத்த விடாதீர்கள். அந்தத் துளையில் இறங்கும் தண்ணீர் கம்பி இழை வழியே கனெக்டர் வரை ஊர்ந்துவிடும். பாடியில் வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியோடு ஈசிஎம் கனெக்டரையும் கழற்றச் சொல்லுங்கள்.

பெட்டிக்குப் பத்துக்குப் பத்து கொடுப்பேன். ஆனாலும் நண்பரிடம் படகுக்கு வேண்டாம் என்றுதான் சொன்னேன். ரோட்டில் நின்றால் எலக்ட்ரீசியன் பஸ் பிடித்து வருவான், நடுக்கடலில் யார் வருவார்? கனெக்டர் பின்னையும் சீலையும் சில்லறையாகக் கொடுக்கிறோம் என்று எஞ்சின் விற்பவர் எழுதிக் கொடுக்கட்டும், அப்புறம் பேசலாம். அதுவரை ஈசிஎம் இல்லாத பழைய பம்ப் எஞ்சினே இருக்கட்டும்.