நாலு வயசுப் பிள்ளைக்கு எந்த டிராம்போலின்? ஒரு பெங்களூரு வீட்டுக் கணக்கு

கடைக்குப் போவதற்கு முன்பே டேப் எடுத்து வீட்டு முன்புறத்தை அளந்துவிட்டேன். ராமமூர்த்தி நகரில் எங்களுடையது 30 அடிக்கு 40 அடி சைட், அதாவது மனை. காரைத் தெருவில் நிறுத்தினால் 14 அடிக்கு 11 அடி கிடைக்கும். ஒரு மூலையில் சம்ப் மூடி, இன்னொரு மூலையில் கொய்யா மரம், மிச்சமெல்லாம் கிரானைட் தரை. எட்டடி டிராம்போலின் அதில் உட்காரும். கடைக்காரரும் "தாராளமா உட்காரும் மேடம்" என்றார். ஆனால் பிரிட்டனில் விபத்துத் தடுப்புக்கென்றே இயங்கும் ராஸ்பா அமைப்பு, சுற்றிலும் 2.5 மீட்டர் வெற்றிடம் விடச் சொல்கிறது. அதாவது எட்டடி. இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் எட்டு, நடுவில் டிராம்போலின் எட்டு, மொத்தம் 24 அடி. 30க்கு 40 சைட்டில் வீட்டையும் கட்டிவிட்டு 24 அடிக்கு எங்கே போவது?

இவ்வளவு அளந்து பார்ப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. போன பொங்கல் விடுமுறையில் அக்காவின் அபார்ட்மெண்டுக்குப் போயிருந்தோம். கீழே புல்தரையில் பத்தடி டிராம்போலின், சுற்றிலும் வலை. என் மகளுக்கு நாலு வயது, 15 கிலோ. அக்கா பையனுக்கு ஒன்பது வயது, 30 கிலோவுக்கு மேல். இன்னும் இரண்டு பிள்ளைகள். நான் வலைக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பாப்பா கீழே விழவில்லை, யாரும் அவள்மேல் மோதவும் இல்லை. குதித்து இறங்கினாள், அப்படியே உட்கார்ந்தாள், அலறினாள். முழங்காலுக்குக் கீழே எலும்பில் மெல்லிய விரிசல். எக்ஸ்ரேவைக் கையில் எடுக்கும்போதே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கூடப் பெரிய பிள்ளை யாராவது குதிச்சாங்களா?"

அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன். எந்த டிராம்போலின் வாங்குவது என்ற கேள்விக்கு முன்னால் இது தெரிய வேண்டும். கனமான பிள்ளை இறங்கும்போது குதிக்கும் துணி ஆழமாக அமுங்குகிறது. அவன் எழும்பும்போது துணியும் வேகமாக மேலே வருகிறது. சரியாக அந்த நேரத்தில் சின்னப் பிள்ளை கீழே இறங்கினால், மேலே வரும் துணியும் கீழே வரும் காலும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. பார்க்க மெத்தை போல இருந்தாலும் அந்தக் கணத்தில் அது கெட்டித்தரை. ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு வரும் இந்த முறிவுக்கு டாக்டர்களிடையே 'டிராம்போலின் முறிவு' என்றே பெயர் இருக்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2012இல் வெளியிட்ட அறிக்கைப்படி, காயங்களில் முக்கால்வாசி ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து குதிக்கும்போது நடக்கின்றன. அதில் அடிபடுவது பெரும்பாலும் இருப்பதிலேயே சின்னப் பிள்ளைதான். வீட்டு டிராம்போலினே வேண்டாம் என்பதுதான் அந்தச் சங்கத்தின் நிலை. அமெரிக்க எலும்பு முறிவு மருத்துவர்களின் சங்கம் ஆறு வயதுக்குள் ஏற்றவே கூடாது என்கிறது.

பெட்டியில் '150 கிலோ வரை தாங்கும்' என்று போட்டிருப்பதைப் பார்த்து, அப்படியானால் ஐந்து பிள்ளைகள் ஏறலாம் என்று கணக்குப் போடுகிறோம். அந்த எண் ஃபிரேமும் துணியும் தாங்கும் எடை. பிள்ளையின் கால் தாங்குவதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

கட்டுப் பிரித்ததும் பாப்பா கேட்டது என்ன தெரியுமா? "நம்ம வீட்டுக்கும் ஒண்ணு வாங்கலாம்மா." அதற்கப்புறம்தான் சுற்ற ஆரம்பித்தேன்.

பெங்களூரில் அதிகம் விற்பது வலை வைத்த எட்டடி, பத்தடி வட்ட டிராம்போலின்தான். இதில் மாடலுக்கு மாடல் வித்தியாசம் நிறைய. பெயரையும் நிறத்தையும் விட்டுவிட்டு முதலில் வலை எங்கே கட்டியிருக்கிறது என்று பாருங்கள். சிலவற்றில் வலை ஃபிரேமுக்கு வெளியே, கால் கம்பிகளோடு சேர்ந்து நிற்கும். பிள்ளை ஓரத்துக்குப் போனால், துணியை ஃபிரேமோடு இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங் மேல்தான் விழும். மேலே போட்டிருக்கும் நீல நிறப் பேட் ஒன்றே பாதுகாப்பு, அது காற்றில் நகர்ந்துவிடும். இன்னொரு வகையில் வலை ஸ்பிரிங்குக்கு உள்பக்கமாக வந்து, குதிக்கும் துணியின் விளிம்போடு சேர்ந்திருக்கும். ஸ்பிரிங் முழுக்க வலைக்கு வெளியே போய்விடும். இரண்டுக்கும் இடையே சில ஆயிரம் ரூபாய் வித்தியாசம் வரலாம். எனக்கு இரண்டாவதைத் தவிர வேறெதுவும் வேண்டாம். ஒரு கடையில் ஸ்பிரிங்கை எண்ணிப் பார்த்தேன், 48. ஒவ்வொன்றுக்கும் இடையில் பாப்பாவின் விரல் போகிற அளவுக்கு இடைவெளி. வெறும் கண்ணுக்கு அது தெரியாது, பேட்டைத் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். கடையில் கூச்சப்படாமல் தூக்கிப் பாருங்கள்.

வாசல் ஜிப்போடு மட்டும் இருக்கக் கூடாது, கொக்கியும் இருக்க வேண்டும். ஜிப்பைப் பிள்ளைகள் பாதி மூடிவிட்டுக் குதிப்பார்கள். ஏணி கழற்றக்கூடியதாக இருக்கட்டும். விளையாடி முடித்ததும் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டால் குட்டிகள் தானாக ஏற முடியாது. கம்பி கால்வனைஸ் செய்ததா (துத்தநாகப் பூச்சு), வெறும் பெயிண்டா என்று கேளுங்கள். வெளியே பளபளப்பாக இருந்தாலும் குழாயின் உள்பக்கம் துருப்பிடிப்பது நம் மழைக்கு ஒரே வருடத்தில் தெரிந்துவிடும். கால்கள் தனித்தனிக் குச்சியாக நிற்பதைவிட, இரண்டிரண்டு சேர்ந்து தரையில் நீளமாகப் படுத்திருப்பது உறுதியானது.

வலையைப் பற்றி ஒரு வார்த்தை. வலை இருந்தால் வெளியே விழுவது குறையும், உள்ளே நடப்பதை அது தடுக்காது. எங்கள் பாப்பாவுக்கு அடிபட்டது வலைக்குள்ளேதான். அப்புறம் வெயில். பெங்களூரு 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குளுகுளுவென்று இருந்தாலும் வெயிலின் புற ஊதாக் கதிர் கடுமை. இரண்டு கோடை பார்த்த வலையை விரலால் திருகிப் பாருங்கள், நூல் பொடிந்தால் மாற்றிவிட வேண்டியதுதான். உதிரி வலை தனியாகக் கிடைக்காத மாடலை வாங்கவே வேண்டாம்.

காற்றும் ஒரு பிரச்சினை. ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் இடியும் மழையும் வருமுன் அடிக்கிற காற்றில் குல்மொஹர் மரங்களே தெருவில் சாய்கின்றன. வலையோடு நிற்கும் காலி டிராம்போலினுக்கு அந்தக் காற்றில் பாய்மரம் மாதிரிதான் கதி. மண்ணில் ஆங்கர் அடித்துக் கட்ட முடிந்தால்தான் நிற்கும். கிரானைட் தரையில் எங்கே அடிப்பது? மணல் மூட்டை போடலாம், எனக்கு அதில் முழு நம்பிக்கை வரவில்லை.

ஸ்பிரிங்கே இல்லாத வகையும் ஒன்று இருக்கிறது. நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீத் அலெக்சாண்டர் என்ற எஞ்சினியர் வடிவமைத்தது. துணிக்குக் கீழே வளையும் ஃபைபர் கிளாஸ் கம்பிகள் தாங்குகின்றன. இரும்பு ஃபிரேம் குதிக்கும் தளத்துக்குக் கீழே போய்விடுவதால் விளிம்பில் மோத இரும்பே இல்லை. அமைப்பைப் பார்த்தால் இதுதான் மேல், சந்தேகமில்லை. ஆனால் விலை நம் ஊர் எட்டடி டிராம்போலினைப் போலப் பல மடங்கு. ஒரு கம்பி உடைந்தால் உதிரிக்கு எத்தனை வாரம் காத்திருப்பது என்பதும் கேள்வி. இரண்டு பேர் சேர்ந்து குதித்தால் இதிலும் அதே கதைதான்.

தரையில் குழி தோண்டி, மட்டத்துக்குச் சமமாகப் பதிப்பதும் உண்டு. உயரத்திலிருந்து விழும் பயம் அதில் இல்லை. வெளிநாட்டுத் தோட்டங்களுக்குச் சரி. இங்கே முன்புறம் தோண்டினால் சம்ப் இருக்கும், இல்லாவிட்டால் காவேரித் தண்ணீர்க் குழாய் இருக்கும். வடிகால் சரியில்லாவிட்டால் ஜூனிலிருந்து அக்டோபர் வரை துணிக்குக் கீழே தண்ணீர் நிற்கும். டெங்கு வரும் மாதங்களில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குட்டையைப் பிள்ளைகள் காலடியில் வைத்துக்கொள்ள நான் தயாரில்லை.

கைப்பிடி வைத்த குட்டி டிராம்போலின் மூன்றடி, நாலடி அகலம், தரையிலிருந்து ஒரு அடிக்குள் உயரம். ஹாலில் போடலாம், மழை வெயில் கவலை இல்லை. இடம் ஒருவருக்குத்தான் என்பதால் இரண்டாவது பிள்ளை ஏறவே முடியாது. எனக்கு இதில் பிடித்த விஷயமே அதுதான். ஆனாலும் இதிலும் ஆறு வயது என்ற எல்லை மாறாது. கைப்பிடி ஆடுகிறதா என்று வாரம் ஒருமுறை திருகு முடுக்கிப் பார்க்க வேண்டும். சில கைப்பிடிகள் சரியாகப் பிள்ளையின் வாய் உயரத்தில் நிற்கின்றன. முன்பல்லை நினைத்துப் பாருங்கள். நுரை உறை தடிமனாக இருக்க வேண்டும், பிள்ளையை அதன் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். டிவி மேசை, கண்ணாடி அலமாரி எல்லாம் எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். இன்னொன்று, 2021 ஜனவரி முதல் இந்தியாவில் பிள்ளைகளின் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பெரியவர்கள் உடற்பயிற்சி செய்வதற்கென்று விற்கும் குட்டி டிராம்போலினும் பார்க்க அச்சு அசல் இதே போலத்தான் இருக்கும். பெட்டியில் எந்த வயதுக்கு என்று போட்டிருப்பதைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

மால்களில் இருக்கும் டிராம்போலின் பூங்காக்களை இந்த வயதுக்கு நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. கூட்டம்தான் அங்கே பிரச்சினை.

மொட்டை மாடியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இடம் இல்லாத வீடுகளில் எல்லோரும் அங்கேதான் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு மாடிகளில் நீல வளையம் தெரிகிறது. கைப்பிடிச் சுவர் மூன்றடி, மூன்றரை அடி. எட்டடி டிராம்போலினில் குதிக்கும் துணியே தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருக்கிறது. அதில் சும்மா நின்றாலே சுவர் பிள்ளையின் இடுப்புக்குக் கீழே போய்விடுகிறது, ஒரு அடி எம்பினால் சுவர் காலடி மட்டம். தடுப்பதற்கு மிஞ்சுவது வெயிலில் பொடிந்துபோகும் அந்த வலை ஒன்றுதான். இதை வாசிக்கிற யாராவது மாடியில் போட்டிருந்தால், இன்றைக்கே கீழே இறக்கிவிடுங்கள்.

சரி, நாங்கள் என்ன செய்தோம்? பாப்பாவுக்கு ஆறு வயதாகும்வரை வாங்குவதில்லை என்று முடிவு செய்தோம். அந்தப் பணத்தில் ஒரு பகுதிக்குத் தரையில் விரிக்கும் தடிமனான ஜிம் மெத்தை ஒன்று வாங்கினோம். சோபாவிலிருந்து அதில் குதிக்கிறாள், உருள்கிறாள். ஹாலில் சும்மா கிடந்த ஊஞ்சல் கொக்கியில் மறுபடி பலகை மாட்டினோம். உங்கள் பிள்ளை ஆறைத் தாண்டிவிட்டால், அபார்ட்மெண்ட் வீடு என்றால் கைப்பிடி வைத்த குட்டியும், மண் தரை இருந்தால் உள்வலை வைத்த எட்டடியும் என் தேர்வு. இரண்டிலும் ஒரு நேரத்தில் ஒருவர், பக்கத்தில் ஒரு பெரியவர். குட்டிக்கரணம் கூடாது.

எங்களுக்கு அந்த மண் தரை ஓசூரில் இருக்கிறது. மாமனார் வீட்டுப் பின்புறம், செம்மண், 30 அடிக்கு மேல். போன வாரம் அவரும் பாப்பாவும் சேர்ந்து கயிறு கட்டிச் சுண்ணாம்பால் எட்டடி வட்டம் போட்டுப் பார்த்தார்கள். துணிக்கொடி அதன் மேலேயே போனது. "இன்னும் ரெண்டு வருஷம் இருக்கே மாமா" என்றேன். அவர் அதற்குள் கொடியை அவிழ்த்துக் கிணற்றடிப் பக்கம் மாற்றிக் கட்டிவிட்டார்.