கடை சர்வருக்கு ஃப்ரீபிஎஸ்டியின் பிகேஜி எப்படி?

மாசி வீதி ஜவுளிக்கடை ஒன்றின் பில்லிங் சர்வரில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம் ஓடுகிறது என்றால், மென்பொருள்களைப் புதுப்பிக்க, தயாராகக் கம்பைல் செய்த பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் பிகேஜியே (pkg) போதும். மூலநிரலிலிருந்து நிறுவும் முறையான போர்ட்ஸ் வழியாக ஒவ்வொன்றாகக் கம்பைல் செய்யத் தேவையில்லை. 2014-இல் வெளியான 10.0 பதிப்பிலிருந்து இதுதான் வழக்கமான கருவி, வேகமானது, நம்பலாம். ஆனால் அது காட்டும் பட்டியலைப் படிக்காமல் 'ஒய்' அடிப்பவரை அது காப்பாற்றாது.

நிறுவியதும் கிடைப்பது 'குவார்ட்டர்லி' கிளை, அதாவது மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாகும் பேக்கேஜ் தொகுப்பு. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் தொடக்கத்தில் புதுக் கிளை பிரியும். இடைப்பட்ட மாதங்களில் பெரும்பாலும் பாதுகாப்பு, பிழைத் திருத்தங்கள்தான் வரும். புதிய பதிப்புகள் தொடர்ந்து வரும் 'லேட்டஸ்ட்' கிளை கடைக்கு வேண்டாம். மதுரைக்காரர்களுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு: ஏப்ரலில் சித்திரைத் திருவிழா, அக்டோபரில் தீபாவளி வியாபாரம். அதனால் மார்ச், செப்டம்பர் கடைசியிலேயே முழு அப்கிரேடை முடித்துவிடுங்கள். சீசனில், பாதுகாப்பு ஓட்டை உள்ள பேக்கேஜ்களைக் காட்டும் 'பிகேஜி ஆடிட்' கட்டளை மட்டும் தினமும் ஓடட்டும். அது ஓட்டை காட்டும் பேக்கேஜை மட்டும், சார்ந்தவை சேர்ந்தே வரும் என்பதால், கடை சாத்திய பிறகு ஏற்றுங்கள்.

எப்போதும் முதலில் அப்கிரேட் கட்டளையோடு ஹைபன் என் (-n) சேர்த்து ஒத்திகை பாருங்கள். 'நீக்கப்படும்' என்ற பட்டியலில் ஏதாவது இருந்தால் நிறுத்துங்கள். பேக்கேஜ்களைத் தயாரிக்கும் ஃப்ரீபிஎஸ்டியின் பில்ட் சர்வரில் ஒரு பேக்கேஜ் கம்பைல் ஆகாமல் போனால் அது களஞ்சியத்திலேயே இருக்காது. புதிய பதிப்புகளோடு ஒத்துப்போகாத பழையதை பிகேஜி தூக்கிவிடப் பார்க்கும். சில நாள் பொறுத்தால் அடுத்த பில்டில் பெரும்பாலும் சரியாகும். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தின் கதை வேறு. இயல்புப் பதிப்பு மாறியதும், பிஎச்பி மொழியை அதோடு இணைக்கும் பேக்கேஜ் புதிய கிளையன்டைக் கேட்கும். அது பழைய கிளையன்டோடு முட்டும். பழைய சர்வர் நீக்கப் பட்டியலுக்குப் போகும். பொறுத்தாலும் இது தீராது. தரவை டம்ப் (நகல் கோப்பு) எடுத்து, புதிய பதிப்பை நிறுவி, தரவை நீங்களே மாற்ற வேண்டும்.

அப்கிரேட் கட்டளையில் ஹைபன் பெரிய எஃப் (-F) போட்டால் இறக்குவதோடு நிற்கும். பகலில் இறக்கி வைத்துவிட்டு, இரவில் யுபிஎஸ் சார்ஜ் நிறைந்திருக்கும்போது நிறுவலாம்.

சர்வரின் டிஸ்க்கில் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை இருந்தால், தொடங்குமுன் பிஇசிடிஎல் (bectl) கருவி கொண்டு ஒரு பூட் என்விரான்மென்ட் (திரும்பிப் போக உதவும் சிஸ்டத்தின் நகல்) உருவாக்குங்கள். கோளாறானால் அதை ஆக்டிவேட் செய்து ரீபூட் செய்தால் பழைய பேக்கேஜ்கள் அப்படியே திரும்பும். கவனம்: இயல்பான நிறுவலில் தரவுத்தளம் இருக்கும் 'வார் டிபி' (/var/db) ஃபோல்டரும் அதற்குள்தான் அடங்கும். பின்னோக்கிப் போனால் இடையில் போட்ட பில்களும் கண்ணில் படாது. தரவுத்தளத்துக்குத் தனி டேட்டாசெட் (இசட்எஃப்எஸ்ஸில் ஒரு தனிப் பகுதி) முன்பே உருவாக்கி வைத்தால் இந்த ஆபத்து இல்லை.

பிகேஜியின் பெரிய குறை, சர்வீஸ்களைத் தானாக ரீஸ்டார்ட் செய்யாததுதான். வெப் சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸை ஏற்றிய பிறகும் நினைவகத்தில் ஓடுவது ஓட்டை உள்ள பழைய பைனரியே. ஏற்றி முடித்ததும் ஒவ்வொரு சர்வீஸையும் கையால் ரீஸ்டார்ட் செய்து, ஒரு சோதனை பில் அடித்துப் பாருங்கள்.