இத்யாதி இல்லாத லினக்ஸ்: கோபோலினக்ஸ் 017

லினக்ஸுக்கு வந்த புதிதில் ரூட்டை, அதாவது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் ஃபோல்டரை, திறந்து பார்த்து மிரண்டவர்களில் நானும் ஒருவன். உள்ளே இருந்த ஃபோல்டர்கள்: பின் (bin, நிரல்கள் இருப்பது), எஸ்பின் (sbin), லிப் (lib), யூஎஸ்ஆர் (usr), அந்த யூஎஸ்ஆருக்குள் மறுபடியும் ஒரு பின், ஒரு லிப், இன்னும் உள்ளே போனால் லோக்கல், அதற்குள்ளும் ஒரு பின். அப்புறம் ஈடிசி (etc). 'இத்யாதி' என்று பெயர் வைத்துவிட்டு, கணினியின் முக்கியமான அமைப்புகளை எல்லாம் அதற்குள் போட்டு வைத்திருக்கிறார்கள்!

இதற்குப் பின்னால் பெரிய தத்துவம் எதுவும் கிடையாது. 1970களின் தொடக்கத்தில் பெல் லேப்ஸ் ஆய்வகத்தில், லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் ஓடிய பிடிபி-11 கணினியில் முதல் டிஸ்க் நிரம்பிவிட்டது. பயனர்களின் கோப்புகள் இருந்த இன்னொரு டிஸ்கில், அதாவது யூஎஸ்ஆரில், இரண்டாவதாக ஒரு பின்னை உண்டாக்கி மிச்சத்தை அங்கே தள்ளினார்கள். அந்த டிஸ்க் போன இடம் தெரியவில்லை, பிரிவினை மட்டும் நின்றுவிட்டது. ஃபெடோரா என்ற லினக்ஸ் வகை 2012இல் 17ஆம் பதிப்பில்தான் இரண்டையும் ஒன்றாக்கியது, இன்னொரு வகையான டெபியன் அதைக் கட்டாயமாக்க 2023 வரை, 12ஆம் பதிப்பு வரை ஆனது.

கோபோலினக்ஸ் என்ற லினக்ஸ் வகை இந்தக் குப்பையை 2002லேயே ஒதுக்கித் தள்ளிவிட்டது. பல்கலைக்கழகக் கணினியில் ரூட் உரிமை (நிர்வாகி அனுமதி) இல்லாத ஒரு மாணவர், தன் சொந்த ஃபோல்டரான ஹோமுக்குள்ளேயே நிரலுக்கு ஒரு ஃபோல்டர் என்று நிறுவிக்கொண்டதில் பிறந்த யோசனை அது. நான் ஓட்டிப் பார்த்தது 2020இல் வந்த 017ஆம் பதிப்பு. ரூட்டைத் திறந்தால் ப்ரோகிராம்ஸ், யூசர்ஸ், சிஸ்டம், டேட்டா, மவுன்ட், அவ்வளவுதான். ப்ரோகிராம்ஸுக்குள் நிரலின் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் பதிப்பு எண்ணில் ஒன்று, எந்தப் பதிப்பு நடப்பில் இருக்கிறது என்று காட்ட 'கரன்ட்' என்று ஒரு லிங்க். பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில் சண்டையில்லாமல் இருக்கும், என்னென்ன நிறுவியிருக்கிறோம் என்று பார்க்க தனிக் கட்டளை வேண்டாம், ஃபோல்டரைத் திறந்தால் போதும். அதாவது ஃபைல் சிஸ்டமே பேக்கேஜ் டேட்டாபேஸ் (நிறுவியவற்றின் பட்டியல்). பழைய பெயர்கள் செத்துவிடவில்லை, நிரல்கள் தேடுமே என்று சிம்லிங்குகளாக (வேறிடத்தைக் காட்டும் குறுக்குவழிகளாக) இருக்கின்றன, லினக்ஸின் மையமான கர்னலில் கோபோஹைட் என்று ஒரு ஒட்டுப் போட்டு கண்ணில் படாமல் மறைத்திருக்கிறார்கள். எனக்கு உண்மையிலேயே பிடித்துப்போனது.

சரி, சாதாரண ஆளுக்கு இதனால் என்ன? அக்காவை ஒரு வாரம் இதில் உட்கார வைத்தேன். கணினியை மெயில், பிடிஎஃப், படங்கள், இவற்றுக்கு மட்டும் பயன்படுத்துபவள். அந்த ஒரு வாரத்தில் அவள் ரூட் பக்கம் ஒரு முறைகூடப் போகவில்லை. கேட்ட கேள்வி எல்லாம் ஒன்றே ஒன்றுதான்: "இப்ப இறக்குன பிடிஎஃப் எங்கடா போச்சு?" அதற்கு கோபோவிடமும் பதில் இல்லை, டெபியனிடமும் இல்லை, ஏனென்றால் அந்தக் கோப்பு எங்கே போய் உட்கார வேண்டும் என்று முடிவு செய்வது பிரவுசர்.

நாம் வருஷக்கணக்கில் அடித்துக்கொள்ளும் மேல்தட்டு ஃபோல்டர்கள் அவளைப் போன்றவர்களுக்கு இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். மேக்கில் பின்னும் யூஎஸ்ஆரும் இன்றும் இருக்கின்றன, அதன் கோப்பு உலாவியான ஃபைண்டர் காட்டாததால் யாருக்கும் தெரிவதில்லை. அவர்கள் தடுக்கி விழும் இடம் வேறு. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் படத்தைத் தேடிப் போங்கள்: ஆண்ட்ராய்டு, அதற்குள் மீடியா, அதற்குள் காம் டாட் வாட்ஸ்அப், அதற்குள் வாட்ஸ்அப், அதற்குள் மறுபடியும் ஒரு மீடியா. இது 1970களின் டிஸ்க் செய்த வேலை இல்லை, இன்றைக்கு உட்கார்ந்து செய்தது. எல்லாவற்றையும் மறைத்துவிட்டால் எளிமை வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. ஐபோனில் பல வருஷம் கோப்புகளையே காட்டாமல் இருந்த ஆப்பிள், 2017இல் ஐஓஎஸ் 11இல் ஃபைல்ஸ் செயலியைக் கொடுக்க வேண்டி வந்தது.

கோபோவால் லாபம் யாருக்கு என்றால், நடுவில் இருப்பவர்களுக்கு. நிரலை நாமே கம்பைல் செய்து (மூலநிரலை ஓடும் நிரலாக்கி), அது எங்கெங்கே என்னென்ன போட்டது என்று தெரியாமல் முழிப்போமே, அந்த ரகம். ரிமூவ்ப்ரோகிராம் என்று ஒரு கட்டளை, ஃபோல்டரும் லிங்குகளும் சேர்ந்து போய்விடும். ஆனால் விலையும் உண்டு: டெபியனின் நிரல் களஞ்சியத்தோடு பார்த்தால் இங்கே இருப்பது கைப்பிடி அளவு, வேண்டியது இல்லையென்றால் ரெசிப்பி (கம்பைல் செய்வதற்கான குறிப்பு) எழுதி நாமேதான் கம்பைல் செய்துகொள்ள வேண்டும். ஃபோல்டர் பெயரை இவ்வளவு எளிமையாக்கியவர்கள், முகப்பில் வைத்திருப்பதோ ஆசம் என்ற விண்டோ மேனேஜர் (சாளரங்களை அடுக்கும் நிரல்), கீபோர்டிலேயே குடியிருப்பவர்களுக்கானது.

வர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் ஓடும் போலிக் கணினியில்) போட்டு ஒரு மாலை நோண்டிப் பாருங்கள், பிடித்தால் கூடுதல் கணினி ஒன்றில் வையுங்கள், தினசரி வேலைக்கான கணினியில் வேண்டாம். அக்கா பழையபடி டெபியனுக்கே போய்விட்டாள். பிரவுசர் அமைப்பில் 'எங்கே சேமிக்க என்று ஒவ்வொரு முறையும் கேள்' என்பதை மட்டும் டிக் செய்து கொடுத்தேன், அதற்குப் பிறகு கேள்வி வரவில்லை.