3 ப்ளையா, 5 ப்ளையா? அடுக்கின் அடியில் நிற்கப்போகும் பெட்டி எது?

பீங்கான் கோப்பைகளை அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்ப ஆரம்பித்த காலத்தில் பெட்டியைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. அளவு சரியாக இருந்தால் போதும், டேப் ஒட்டினால் வேலை முடிந்தது என்றிருந்தேன். ஒரு முறை 20 பெட்டி போன லோடில் 3 பெட்டி திரும்பி வந்தன. கீழே விழுந்த அடையாளம் எதிலும் இல்லை. ஆனால் மூலைகள் முழங்கால் மடங்கியது போல உட்கார்ந்திருந்தன, பக்கவாட்டு அட்டை தொப்பை தள்ளி நின்றது. திறந்து பார்த்தால் மேல் வரிசைக் கோப்பைகளின் கைப்பிடிகள் மட்டும் உடைந்திருந்தன. அடி வரிசை அப்படியே இருந்தது. யாரும் போட்டு உடைக்கவில்லை, மேலே ஏற்றிய பாரம் அமுக்கியிருக்கிறது. அதற்கப்புறம் 3 ப்ளையை விட்டு 5 ப்ளைக்கு மாறினேன். ஆகவே நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

3 ப்ளை என்றால் இரண்டு தட்டைத் தாள், நடுவே ஒரு நெளித்தாள். 5 ப்ளை என்றால் மூன்று தட்டை, இரண்டு நெளி. நெளியின் உயரத்தைத்தான் ஃப்ளூட் என்று எழுத்தால் சொல்கிறார்கள். ஏ ஃப்ளூட் ஏறக்குறைய 5 மி.மீ., சி 4, பி 3, இ ஒன்றரை. எழுத்து வரிசைக்கும் தடிமனுக்கும் சம்பந்தமில்லை என்பதை முதல் ஆர்டரிலேயே தப்பாகப் புரிந்துகொண்டவன் நான். 5 ப்ளையில் பெரும்பாலும் பி, சி இரண்டும் சேர்ந்து வரும், மொத்தம் 7 மி.மீ. பக்கம்.

3 ப்ளை மலிவு, எடை குறைவு, மடிப்பது சுலபம். 5 ப்ளை விறைப்பு. மடல்கள் எகிறிக்கொண்டு டேப்பைத் தூக்கிவிடப் பார்க்கும், இடத்தையும் அடைக்கும். இதெல்லாம் கையில் எடுத்த முதல் நாளே தெரிந்துவிடும். மூன்றாவதாக, டேப்பே இல்லாமல் காதைச் செருகி மூடும் மெயிலர் பெட்டி இருக்கிறது. திறப்பவருக்கு அழகு. ஒற்றைக் கோப்பை, நகை, துணி போன்றவற்றுக்கு அதுதான் சரி. பாரமான சரக்கை மெல்லிய இ ஃப்ளூட் மெயிலரில் போட்டு அடுக்க நினைக்க வேண்டாம்.

என்னை மாற வைத்தது அடுக்கின் பாரம்தான். பெட்டி எவ்வளவு தாங்கும் என்பதற்கு மெக்கீ என்பவரும் கூட்டாளிகளும் 1963-ல் தந்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அட்டையை விளிம்பில் நிறுத்தி அமுக்கிப் பார்க்கும் சோதனையின் எண்ணை (ஈசிடி) எடுத்துக்கொள்ள வேண்டும். பெட்டியின் சுற்றளவையும் அட்டையின் தடிமனையும் பெருக்கி வர்க்கமூலம் காண வேண்டும். இரண்டையும் பெருக்கி, அதை 5.87-ஆல் பெருக்கினால் பெட்டி நசுங்கும் பாரம் வரும்.

என் பெட்டி 40 செ.மீ.க்கு 30, சுற்றளவு 140 செ.மீ. சாதாரண 3 ப்ளை சி ஃப்ளூட்டுக்கு ஈசிடி மீட்டருக்கு 5.6 கிலோநியூட்டன் என்று வைத்தால் விடை சுமார் 250 கிலோ. 5 ப்ளைக்கு ஈசிடி 8.4 என்று வைத்தால் 500 கிலோ. ஈசிடி ஒன்றரை மடங்குதான் கூடியது, ஆனால் தடிமனும் சேர்ந்து தாங்கும் பாரத்தை இரட்டிப்பாக்கிவிட்டது.

250 கிலோ போதாதா என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அது 50 சதவீத ஈரப்பதமுள்ள சோதனைக்கூடத்தில், புதுப் பெட்டியைச் சில நொடிகள் அமுக்கியபோது வரும் எண். காற்றில் ஈரம் 90 சதவீதத்தைத் தொட்டால் ஏறக்குறைய பாதி போய்விடும். ஒரு மாதம் அடுக்கிலேயே நின்றால் சுமார் 40 சதவீதம் கழியும். இரண்டும் சேர்ந்தால் 250-ல் மிஞ்சுவது 75. அதனால்தான் கணக்கில் வருவதை நான்கால் வகுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். என் பெட்டி ஒன்று 12 கிலோ. 3 ப்ளை தலையில் 5 பெட்டி ஏற்றலாம், 5 ப்ளை தலையில் 10. வண்டியில் எத்தனை ஏற்றுகிறார்கள் என்பது நம் கையில் இல்லை.

அந்தச் சூத்திரத்தில் உயரம் வருவதே இல்லை. சுற்றளவும் மூலக்குறிக்குள் போய்விடுவதால் பெட்டியை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரட்டித்தாலும் பலம் 1.4 மடங்குதான் கூடும், உள்ளே போகும் சரக்கோ 8 மடங்கு. ஆகப் பெரிய பெட்டிக்கு மாறலாம் என்று நினைப்பவர்கள் ப்ளையையும் சேர்த்து யோசிப்பது நல்லது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ப்ளை எண் மட்டும் எதையும் உறுதி செய்யாது. நான் வாங்கிய முதல் 5 ப்ளை கட்டு மட்டமான மறுசுழற்சித் தாளில் செய்தது. விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தினால் பிஸ்கட் மாதிரி உள்ளே போனது. நல்ல கிராஃப்ட் தாளில், அதாவது உறுதியான பழுப்புத் தாளில், செய்த 3 ப்ளை அதைவிட மேல். விற்பவரிடம் ஈசிடி கேளுங்கள், தெரியவில்லை என்றால் ஒவ்வொரு தாளின் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற எண்) கேளுங்கள். நெளிக்கோடுகள் நின்ற வாக்கில் ஓடுகின்றனவா என்றும் பாருங்கள். படுத்த வாக்கில் வெட்டியிருந்தால் 5 ப்ளையும் அடுக்கில் நிற்காது.

சரி, 3 ப்ளைக்கு இடமே இல்லையா? இருக்கிறது. புத்தகம், தகர டப்பா மாதிரி சரக்கு தானே பாரம் தாங்கும். பெட்டி நிரம்பியிருந்தால் மேலே உள்ள எடை புத்தகங்கள் வழியாகவே தரைக்கு இறங்கும், அட்டை வெறும் உறைதான். அங்கே 5 ப்ளை வாங்குவது வீண் செலவு. கோப்பை, விளக்கு, பொம்மை போல வெற்றிடத்தோடு உட்காரும் பொருளுக்குத்தான் பெட்டியே தூணாக நிற்க வேண்டும். 7 ப்ளையை நான் வாங்கியதில்லை. இயந்திர பாகம் அனுப்புபவர்கள் சொல்லட்டும்.

கீழே விழும் அதிர்ச்சிக்கு இரண்டுமே பெரிதாக உதவாது. அதற்கு உள்ளே தாள் சுருட்டித் திணிப்பதுதான் வழி. மூலைக்கு நேர் மூலை வைத்து அடுக்கினால் பெட்டியின் பலம் முழுதாகக் கிடைக்கும். செங்கல் கட்டுவது போல மாற்றி மாற்றி வைத்தால் கிட்டத்தட்ட பாதி போய்விடும். இப்போது என் கிடங்கில் 5 ப்ளையையும் நேராகத்தான் அடுக்குகிறோம்.