டொலர்க் கடனில் வாங்கிய திருநெல்வேலி வீடு

யாழ்ப்பாணத்தில் வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா என்று கனடாவின் ஸ்காபரோவிலிருந்து நண்பன் கேட்கிறான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், பரமேஸ்வராச் சந்திக்குக் கிட்ட, இரண்டு பரப்புக் காணியில் உள்ள வீட்டை நான் 2021இல் வாங்கினேன். இலங்கை, கனடா இரட்டைக் குடியுரிமை இருந்ததால், வெளிநாட்டவர் காணி வாங்குவதைத் தடுக்கும் 2014ஆம் ஆண்டுக் காணிச் சட்டம் என்னைத் தடுக்கவில்லை. அவனிடம் இருப்பது கனடாக் கடவுச்சீட்டு மட்டும். காணியை விலைக்கு வாங்க முடியாது, 99 வருடம் வரையான குத்தகைதான்.

வீட்டில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பல்கலைக்கழகம் பக்கத்தில் என்பதால் ஒரு குடும்பம் எழும்பினால் அடுத்தது வந்துவிடும். கிணறு வற்றியதே இல்லை. போன கிழமை தண்ணீர் மோட்டர் நின்றுபோனது. திருத்த வந்த தம்பி கழற்றித் திருப்புளியால் சுரண்ட, வெள்ளைச் சுண்ணாம்பு கட்டிகட்டியாக உதிர்ந்தது. சுண்ணக்கல் மண்ணில் அது நடக்கும்தான், அதற்குக் கோபிக்க முடியாது.

என் கோபமெல்லாம் கடன் மேல்தான். கனடா வீட்டை ஈடுவைத்து, மாறும் வட்டியில் எடுத்த கடன். வாங்கும்போது அமெரிக்க டொலர் 200 ரூபா அளவில் நின்றது. 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்ட (அதன் பெறுமதியைச் சந்தையே தீர்மானிக்க விட்ட) பிறகு 360க்குப் போனது. கனடா டொலரும் அப்படித்தான் ஏறியது. அதே வாடகை, டொலராக மாற்றினால் பாதிக்குக் கிட்டக் குறைந்துவிட்டது. அதே நேரம் கனடா மத்திய வங்கி 0.25 வீதமாக இருந்த வட்டியை 2023 யூலைக்குள் 5 வீதமாக்கியது. ரூபாவில் வருகிறது, டொலரில் போகிறது. வாடகையை எவ்வளவு கூட்டினாலும் எட்டிப் பிடிக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் ரூபாவில் சம்பளம் வாங்கும் குடும்பத்திடம் எவ்வளவுதான் கூட்டிக் கேட்பது?

சரி, எழுத்து வேலைகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். பணத்தை உள்முக முதலீட்டுக் கணக்கு (வெளிநாட்டு முதலீட்டுப் பணத்துக்கு இலங்கை வங்கிகளில் திறக்கும் கணக்கு) வழியாகவே கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் விற்ற காசை வெளியே எடுப்பது பெரும்பாடு. அப்புறம், காணிக்குப் பங்காளிகள் இருந்தால் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி முதலில் வாங்கக் கேட்கும் உரிமை அவர்களுக்குத்தான். என் காணியில் அவர்களுக்கு அறிவித்தல் கொடுத்து, வேண்டாம் என்று எழுத்தில் வாங்கிய பிறகே நொத்தாரிசு உறுதி முடித்தார். அந்த மனிதரின் நிதானத்துக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

ஆகவே மச்சான், இலங்கைக் குடியுரிமை எடுத்தாலும் கடனுக்கு வாங்காதே. முழுக் காசும் கையில் இருந்தால் பார். என் வீட்டைத் தருவாயா என்றும் கேட்டிருந்தாய். வட்டி எவ்வளவு ஏறினாலும் அதை விற்க மாட்டேன்.